பாலின் புரதம் உயிர்ச்சத்தைக் காக்கிறதா? மலை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும் மகளிர் குழுக்களோடு பாலைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாலை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதையே பல ஆண்டுகள் தொழிலாகக் கொண்டிருந்த காரணத்தால், பாலைப் பற்றிச் சொல்லப்படும் மிகையான புகழ்ச்சியும் காரணமற்ற பயமும் எனக்கு ஒரே அளவு வருத்தம் தருகின்றன. பாலின் புரதம் உயிர்ச்சத்துகளைப் பற்றிக்கொள்கிறது என்பது உண்மை. எந்த உயிர்ச்சத்தை, எந்தப் புரதம், எதிலிருந்து காக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உண்மை அடுக்களைக்குப் பயன்படும்.

புரதம் ஒன்றைப் "பற்றிக்கொள்கிறது" என்றால் என்ன? கண்ணால் பார்க்க முடியுமா?

கண்ணால் பார்ப்பது கடினம், நாக்கால் உணரலாம். நம் மலைத் தேயிலையைப் பால் சேர்க்காமல் சற்றுக் கடுப்பமாகக் கொதிக்கவிட்டு ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். அதுதான் துவர்ப்பு. தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு, உமிழ்நீரின் வழவழப்பைப் போக்கிவிடுவதால் வருவது அது. இப்போது அதே டம்ளரில் இரண்டு கரண்டி பால் விட்டுக் குடியுங்கள். துவர்ப்பு பெரும்பாலும் அடங்கியிருக்கும். சர்க்கரை சேர்க்கவில்லை, தேயிலையின் அளவையும் குறைக்கவில்லை, ஆனாலும் அடங்கிவிட்டது. பாலின் கேசின் என்ற புரதம் அந்தப் பாலிஃபீனால்களை முந்திக்கொண்டு பிடித்துவிட்டதால், உமிழ்நீரைப் பிடிப்பதற்கு அவற்றில் அதிகம் மிஞ்சவில்லை.

உயிர்ச்சத்துகளைப் பற்றுவதும் இதே இனத்தைச் சேர்ந்த செயல்தான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட நீண்ட மாலை. அந்த மாலை தன்மேல் தானே மடிந்து உருவம் பெறுகிறது. மடிப்புகளுக்குள் எண்ணெயை விரும்பும் இடங்களும், வெளிப்புறத்தில் தண்ணீரை விரும்பும் இடங்களும் அமைகின்றன. தண்ணீரில் கரையாத ஏ, டி போன்ற உயிர்ச்சத்துகள் எண்ணெய் விரும்பும் மடிப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும்போது, ஆக்சிஜனும் வெளிச்சமும் அவற்றை எட்டுவது குறைகிறது. இந்தப் பிடி நிரந்தரமானதல்ல. சூழல் மாறினாலோ, குடலில் புரதம் செரிக்கப்பட்டாலோ விட்டுவிடும். விடாத பிடியாக இருந்தால் நமக்குப் பயனும் இல்லை என்பதை ஒரு முட்டையை வைத்துப் பின்னால் சொல்கிறேன்.

பாலில் எத்தனை வகைப் புரதம் இருக்கிறது?

பசும்பாலில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ மூன்றே கால் கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். பால் திரியும்போது கட்டியாவது இதுதான். மீதமுள்ள ஒரு பங்கு, திரிந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில் நிற்கும் புரதங்கள். உடற்பயிற்சி செய்யும் பிள்ளைகள் டப்பாவில் வாங்கும் "வே புரோட்டீன்" இந்தத் தெளிநீர்ப் புரதம்தான். அதற்குள் அதிக அளவில் இருப்பது பீட்டா-லாக்டோகுளோபுலின், அடுத்து ஆல்ஃபா-லாக்டல்புமின். இரும்பைப் பற்றும் லாக்டோஃபெரின், ஃபோலேட் என்ற பி வகை உயிர்ச்சத்தைப் பற்றும் புரதம், பி12-ஐப் பற்றும் புரதம் ஆகியவை மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. அளவு சிறிது என்றாலும் அவரவர் வேலையில் இவை மிகத் துல்லியமானவை.

பீட்டா-லாக்டோகுளோபுலின் ஒரு கிண்ணம் போன்றது என்று படித்தேன். அது வைட்டமின் ஏ-வைச் சுமந்து செல்கிறதா?

கிண்ணம் என்பது பொருத்தமான சொல். 162 அமினோ அமிலங்களாலான இந்தப் புரதம், பட்டைகள் வளைந்து சேர்ந்து ஒரு பூவின் புல்லிவட்டம் போலக் குழிந்து நிற்கிறது. குழியின் உட்புறம் எண்ணெயை விரும்புவது. 1934-ல் பாலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இதன் உருவம் 1986-ல் தெளிவானபோது, நம் இரத்தத்தில் வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் புரதத்தோடு இது கூடப்பிறந்ததைப்போல் ஒத்திருப்பது தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் இதனோடு வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான ரெட்டினாலைச் சேர்த்தால் உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. வைட்டமின் டி-யையும் பற்றுகிறது. குழியின் வாயில் ஒரு மூடிகூட உண்டு. அமிலச் சூழலில் அது மூடிக்கொள்கிறது. நடுநிலையைத் தாண்டிக் காரத்தின் பக்கம் போகும்போது திறக்கிறது. எனவே உயிர்ச்சத்தை எந்தச் சூழலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பற்றும் அளவு மாறும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பலர் சொல்லாமல் விடும் ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இந்தப் புரதம் ஏறத்தாழ மூன்று கிராம் இருக்கிறது. அதே லிட்டரில் உள்ள வைட்டமின் ஏ ஒரு மில்லிகிராமில் பாதியைக்கூட எட்டாது. மூலக்கூறுகளை எண்ணினால், ஒரு வைட்டமின் ஏ-வுக்கு நூறு கிண்ணங்களுக்கு மேல் காத்திருக்கின்றன. அப்படியிருந்தும் கறந்த பாலில் வைட்டமின் ஏ-வின் மிகப் பெரும் பகுதி கொழுப்புத் துளிகளுக்குள்தான் இருக்கிறது. கிண்ணங்களில் இயல்பாகக் காணப்படுவது பெரும்பாலும் பால்மிட்டிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள். தாய்ப்பாலில் இந்தப் புரதமே இல்லை. ஆனாலும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் ஏ சேர்ந்துவிடுகிறது. ஆகவே "பாலில் உள்ள வைட்டமின் ஏ-வைக் காப்பது இந்தப் புரதம்தான்" என்று எழுதுவது மிகை. நாம் வெளியிலிருந்து ஓர் உயிர்ச்சத்தைப் பாலிலோ பழச்சாற்றிலோ சேர்க்க விரும்பும்போது, இந்தக் கிண்ணம் நமக்குக் கிடைத்த நல்ல பாத்திரம் என்று சொல்வதே சரி.

கேசின் எப்படி வேலை செய்கிறது?

கேசினுக்குத் தனியான ஒரு குழி கிடையாது. அதன் மாலைகள் தளர்வாக, அதிகம் மடியாமல் இருப்பவை. நான்கு வகைக் கேசின்கள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து, பஞ்சுபோல் நீர் ஊறிய சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஓர் உருண்டையின் சராசரி அகலம் ஏறத்தாழ 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். உருண்டையின் உள்ளே எண்ணெயை விரும்பும் பகுதிகள் நிறைய இருப்பதால், கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகள் அங்கே குடியேற முடியும்.

இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007-ல் இதை அழகாகக் காட்டினார்கள். கேசினைப் பிரித்து, வைட்டமின் டி2-வோடு கலந்து, மீண்டும் உருண்டைகளாகச் சேரவிட்டார்கள். சுற்றியிருந்த நீரில் இருந்ததைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான செறிவில் வைட்டமின் உருண்டைகளுக்குள் சேர்ந்திருந்தது. புற ஊதாக் கதிர் பட்டபோது சிதையும் அளவும் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன். சிதையவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கன்று குடிப்பதற்காகக் கால்சியத்தைச் சுமக்கும் ஓர் இயற்கைப் பொட்டலத்தை, வேறொரு சரக்கையும் சுமக்க வைக்கலாம் என்பதே அந்த வேலையின் சாரம்.

கேசின் உருண்டைகள் செய்யும் இன்னொரு பாதுகாப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. பால் வெண்மையாக இருப்பதற்கு இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளுமே காரணம். அவை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. சிதறடிக்கப்பட்ட வெளிச்சம் பாலுக்குள் ஆழமாகப் போக முடிவதில்லை. அதனால் பாத்திரத்தின் நடுவிலுள்ள உயிர்ச்சத்து ஓரத்தில் உள்ளதைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் இலேசாக நீலம் பாய்ந்து நீர்த்துத் தெரிவதற்குக் காரணம் சிதறடிக்கும் துளிகள் குறைந்துபோனதுதான். அந்தப் பாலில் வெளிச்சம் இன்னும் ஆழமாக இறங்கும்.

அப்படியானால் வெயிலில் வைத்தால் பாலுக்கு என்ன ஆகும்? எங்கள் வீட்டில் பால் பாட்டில் ஜன்னலோரத்தில்தான் இருக்கும்.

ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தால், இதைத்தான் மாற்றச் சொல்வேன்.

பாலில் நிறைவாக உள்ள உயிர்ச்சத்துகளில் ஒன்று பி2 என்னும் ரைபோஃபிளேவின். நூறு கிராம் பாலில் ஏறத்தாழ 0.17 மில்லிகிராம் இருக்கிறது. சூட்டை அது நன்றாகத் தாங்கும். நீங்கள் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். ஆனால் வெளிச்சத்தைத் தாங்காது. ரைபோஃபிளேவின் மஞ்சள் நிறமாகத் தெரிவதற்குக் காரணமே அது நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதுதான். உறிஞ்சிய ஒளியால் அது தானும் சிதைகிறது; அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, வைட்டமின் ஏ-வையும், பாலில் சிறிதளவே உள்ள வைட்டமின் சி-யையும், கடைசியில் புரதத்தையும்கூடத் தாக்க வைக்கிறது. மெதியோனின் என்ற அமினோ அமிலம் சிதைந்து மெதியோனல் ஆகும்போது, வேகவைத்த உருளைக்கிழங்கையோ முட்டைக்கோஸையோ நினைவூட்டும் ஒரு வாடை வருகிறது. பால் புளிக்கவில்லை, திரியவில்லை. ஆனாலும் "ஏதோ மாதிரி இருக்கிறது" என்று பிள்ளை குடிக்க மறுத்தால், பாட்டில் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் நேர் வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்த பால், தன் ரைபோஃபிளேவினில் பாதிக்குமேல்கூட இழக்கலாம். இங்கே புரதம் காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். பாலின் ரைபோஃபிளேவின் பெரும்பாலும் தனியாகக் கரைந்தே இருக்கிறது. புரதங்களோடு அதன் பிடிப்பு தளர்வானது. முட்டையில் அதை இறுகப் பிடிக்கும் தனிப் புரதம் நிறைய உண்டு. பாலில் அப்படி இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடுகிறது. குளிராக இருப்பதால் பாலை வெளியிலேயே வைக்கலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. என் அம்மாவும் காலையில் கறந்து வந்த பாலைக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் கிழக்கு ஜன்னல் திண்டில்தான் வைப்பார். பனிக்காலத்தில் பத்து மணி வரைக்கும் சீசா சில்லென்றிருக்கும். வெயில் மட்டும் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருக்கும். பால் கெடாது என்பதில் அவர் கணக்கு சரிதான். கெடாமலேயே இழக்கக்கூடியது ஒன்று உண்டு என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரிந்திருக்கவில்லை. எவர்சில்வர் தூக்குவாளியோ மூடியுள்ள சொம்போ போதும். கண்ணாடிப் பாட்டில்தான் இருக்கிறதென்றால் ஒரு துணியைச் சுற்றி நிழலில் வையுங்கள்.

ஊட்டியில் பால் சீக்கிரம் பொங்குகிறது. குறைந்த சூட்டில் கொதிப்பதால் புரதமும் உயிர்ச்சத்தும் தப்பித்துவிடுமா?

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறத்தாழ அதே நிலைதான். ஆனால் பீட்டா-லாக்டோகுளோபுலின் 70 டிகிரியைத் தாண்டியதுமே விரியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே மலையின் கொதிநிலையால் அந்தக் கிண்ணம் தப்புவதில்லை. விரிந்த புரதம் கேசின் உருண்டையின் மேற்பரப்போடு கந்தகப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. குழி சிதைந்தாலும், உள்ளே மறைந்திருந்த எண்ணெய் விரும்பும் பகுதிகள் வெளியே வருவதால், கொழுப்பில் கரையும் சத்துகளை அது வேறொரு விதத்தில் பற்றவும் செய்கிறது. உருவம் மாறிய புரதத்துக்குச் சத்து போய்விட்டது என்று பொருளில்லை. உணவாக அது முன்போலவே நல்லது.

உயிர்ச்சத்துகளில் ஏ, டி, பி2 ஆகியவை வீட்டில் பால் காய்ச்சும் சூட்டைத் தாங்கும். தையமின் என்னும் பி1, ஃபோலேட், பி12, சி ஆகியவை ஓரளவு குறையும். எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதே இங்கே முக்கியம். 72 டிகிரியில் பதினைந்து விநாடி வைத்துப் பதப்படுத்திய பாக்கெட் பாலை மறுபடி கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டிய தேவை எதுவுமில்லை. வீட்டில் கறந்த பாலுக்கோ கொதிக்க வைப்பது கட்டாயம். சில மைக்ரோகிராம் உயிர்ச்சத்தைக் காப்பாற்றுவதற்காகப் பச்சைப் பால் குடித்துக் காய்ச்சலை வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒருமுறை பொங்கி எழுந்ததும் தணலைக் குறைத்து, இரண்டொரு நிமிடம் கிளறி, இறக்கிவிடுங்கள்.

நீல நிறப் பாக்கெட் வாங்குவதா, பச்சை நிறப் பாக்கெட் வாங்குவதா?

ஆவின் நீலப் பாக்கெட்டில் இருப்பது மூன்று விழுக்காடு கொழுப்புள்ள சமன்படுத்திய பால். பச்சையில் நாலரை விழுக்காடு. கொழுப்பை எடுக்கும்போது அதில் கரைந்துள்ள ஏ, டி ஆகியவையும் அந்த அளவுக்குக் கூடவே போய்விடுகின்றன. இதை ஈடுசெய்வதற்குத்தான் செறிவூட்டல், அதாவது உயிர்ச்சத்தை வெளியிலிருந்து சேர்ப்பது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு வைட்டமின் ஏ 270 முதல் 450 மைக்ரோகிராமும், வைட்டமின் டி 5 முதல் 7.5 மைக்ரோகிராமும் இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் பாக்கெட்டாக இருந்தாலும், கூட்டல் குறியோடு எஃப் எழுத்து உள்ள நீல முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

புரதத்தின் பங்கு இங்கேதான் பெரிதாகிறது. கொழுப்பு குறைந்த பாலில் சேர்க்கப்பட்ட வைட்டமினுக்கு ஒதுங்கக் கொழுப்புத் துளிகள் குறைவு. அப்போது கேசின் உருண்டைகளே அதற்கு முக்கியமான துணை. டெக்னியான் குழு இதைப் பின்னர் மனிதர்களிடமும் சோதித்தது: கேசினுக்குள் வைத்துக் கொடுத்த வைட்டமின் டி3, எண்ணெயையும் நீரையும் கலக்க வைக்கும் செயற்கைப் பால்மமாக்கியில் கரைத்துக் கொடுத்ததற்குக் குறையாமல் உடலில் சேர்ந்தது. ஆனாலும் கொழுப்பு குறைந்த பாலில் சேர்த்த வைட்டமின் ஏ, முழுக் கொழுப்புப் பாலில் இருப்பதைவிட வெளிச்சத்தில் வேகமாகச் சிதைகிறது. புரதம் கொழுப்பின் இடத்தை முழுவதும் நிரப்பிவிடுவதில்லை. நீலப் பாக்கெட் வாங்குபவர்கள் வெளிச்சத்தைப் பற்றி இன்னும் ஒரு பங்கு கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

தோடர்களின் எருமைப் பால் ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது? அதில் வைட்டமின் ஏ இல்லையா?

இருக்கிறது. பசு தான் தின்னும் புல்லிலுள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியில் ஒரு பகுதியை அப்படியே பாலில் விடுகிறது. பசு நெய்யின் மஞ்சள் அதனால்தான். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிட்ட பிறகே பாலில் விடுகிறது. வைட்டமின் ஏ-வுக்கு அந்த மஞ்சள் நிறம் கிடையாது. தோடர்கள் மந்துகள் எனப்படும் தங்கள் ஊர்களில் பேணும் எருமையின் பால் எட்டு விழுக்காடு அளவுக்குக் கொழுப்புள்ளது. கொழுப்பு கூடினால் வைட்டமின் ஏ தங்குவதற்கு இடமும் கூடுகிறது. எருமைப் பாலில் கேசினும் பசும்பாலைவிட அதிகம். அந்தத் தயிர் கரண்டியில் நிற்பதற்கு அதுவே காரணம். பால்தரும் எருமையைச் சுற்றியே வழிபாட்டையும் வாழ்க்கையையும் அமைத்துக்கொண்ட மக்களின் உணவு, சத்துக் கணக்கில் பார்த்தாலும் மதிப்புக்குரியது என்பதை இந்த மலைக்காரி என்ற முறையில் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

இறுகப் பற்றிக்கொண்டால் நம் உடலுக்கு எப்படிக் கிடைக்கும்?

நியாயமான சந்தேகம். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. பயோட்டின் என்ற உயிர்ச்சத்தை அது பிடிக்கும் பிடி, உயிரியலில் அறியப்பட்ட மிக இறுக்கமான பிடிகளில் ஒன்று. குடலில்கூட விடாது. பச்சை வெள்ளைக்கருவை நாள்தோறும் நிறைய உண்பவருக்குப் பயோட்டின் குறைபாடு வரலாம். வேகவைத்தால் அவிடின் உருக்குலைந்து பிடி தளர்ந்துவிடும். பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டிச் சாவியைத் தொலைத்தது போன்ற நிலை அது.

பாலின் புரதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. கேசின் வயிற்றில் கட்டியாகி, மெல்லக் கரைந்து, தான் சுமப்பதைச் சிறிது சிறிதாக விடுகிறது. பீட்டா-லாக்டோகுளோபுலின் வயிற்றின் பெப்சினை எதிர்த்து நின்றாலும், சிறுகுடலின் நொதிகளுக்கு இணங்கிவிடுகிறது. பசும்பாலின் பி12, டிரான்ஸ்கோபாலமின் என்ற புரதத்தோடு சேர்ந்தே இருக்கிறது. அதுவும் செரிமானத்தில் விடுபட்டு உடலில் நன்றாகவே சேர்கிறது. மீனோ முட்டையோ இறைச்சியோ தொடாத குடும்பங்களுக்குப் பி12 தரும் அன்றாட உணவு பாலும் தயிரும் மோரும்தான் என்பதால், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தயிராக்கினால் சத்து குறையுமா?

பெரிதாகக் குறையாது. பால் புளித்து, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது கேசின் உருண்டைகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. அந்த வலைக்குள் நீரும் கொழுப்பும் சிறைப்படுகின்றன. நன்கு காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைவதற்கு, முன்பு சொன்ன விரிந்த தெளிநீர்ப் புரதம் கேசினோடு ஒட்டியிருப்பதே காரணம். நம் குளிரில் உறை ஊற்றிய பாத்திரத்தை ஹாட்பாக்ஸில் வைப்பது நல்ல வழக்கம். மேலே தேங்கும் மஞ்சள் பாய்ந்த நீரை மட்டும் வடித்துக் கொட்டாதீர்கள். பி2 அதில்தான் கரைந்திருக்கிறது.

கேரட்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பது நல்லதா?

மிக நல்லது. ஊட்டிக் கேரட்டின் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது. வேகும்போது செல் சுவர் தளர்ந்து வெளிவருகிறது. பாலின் கொழுப்பு அதைக் கரைத்துக்கொள்கிறது. கேசின் உருண்டைகளும் ஒரு பகுதியைப் பற்றுகின்றன. துருவிய கேரட்டைப் பாலில் விட்டுக் கிளறும்போது சில நிமிடங்களில் பால் முழுவதும் இளஞ்செம்மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் நிறம் அப்படிப் பரவாது. ஒரு கரண்டி நெய் சேர்த்தால் இன்னும் நன்று.

கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பாலையோ பசும்பாலையோ முதன்மை உணவாகக் கொடுக்கக் கூடாது. ஆட்டுப்பாலில் ஃபோலேட் பசும்பாலைவிட மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு இரத்தசோகை வந்தது மருத்துவம் நன்கறிந்த செய்தி. ஃபோலேட்டைப் பற்றும் புரதம் எவ்வளவு இருந்தாலும், பற்றுவதற்கு ஃபோலேட் இருக்க வேண்டும் அல்லவா? தாய்ப்பால் போதவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த ஆராய்ச்சிகளுக்கும் நம் மலைக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. குன்னூரில் 1907-ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மெக்காரிசன், முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், காய்கறி என்று உண்ட எலிகள் நன்கு வளர்ந்ததையும், பாலும் காய்கறியும் மிகக் குறைந்த அரிசி உணவை உண்டவை நலிந்ததையும் பதிவுசெய்தார். பீட்டா-லாக்டோகுளோபுலினின் குழி அப்போது யாருக்கும் தெரியாது. உணவு மாறினால் உடல் மாறும் என்பதை நம் ஊர்க் குளிரில் எலிக்கூண்டுகளின் முன் உட்கார்ந்து அளந்து காட்டியவர்களை நினைக்கும்போது, குன்னூர்ச் சாலையில் அந்த நிலையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பன்னீர் செய்த பிறகு மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது?

கொட்ட வேண்டாம். அடுத்த முறை எலுமிச்சை பிழிந்து பாலைத் திரித்ததும், துணியில் வடியும் நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். கேசின் என்ற வெள்ளைத் திரை விலகியதும் அதுவரை மறைந்திருந்த ரைபோஃபிளேவின் கண்ணுக்குத் தெரிகிறது. பாலின் வைட்டமின் ஏ கொழுப்போடு பன்னீரில் தங்கிவிட்டது. பி2-வின் பெரும்பகுதி இந்த நீரோடு வந்துவிட்டது. கொடைக்கானலில் சீஸ் செய்பவர்களிடமும் இதே பிரிவினைதான் நடக்கிறது. பாலைக் கொதிக்கவிடாததால் கேசினோடு ஒட்டாமல் நின்ற தெளிநீர்ப் புரதமும் அவர்களுடைய நீரில் கூடுதலாக இருக்கும்.

பார்த்தவுடன் கிண்ணத்தை வெளிச்சத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது வெளிச்சத்தைச் சிதறடிக்க உருண்டைகளும் இல்லை. அன்றைக்கே சப்பாத்தி மாவு பிசையவோ, ரசத்துக்கு விளாவவோ, பருப்பு வேகவைக்கவோ எடுத்துக்கொள்ளலாம். இலேசான புளிப்பு இருப்பதால், ரசத்தில் விட்டால் புளியைச் சற்றுக் குறைத்துக் கரையுங்கள்.